பேசியவர்கள் பட்டியல்

என்னால் ஒரு இடத்தில் சும்மா உட்கார முடியாது. வங்கியில் டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருக்கும்போதுகூட நாற்காலி காலியாகக் கிடக்க, நான் வாசலுக்கும் கவுன்ட்டருக்கும் நடந்துகொண்டிருப்பேன். எதிரில் இருப்பவர் ஒரு பேச்சை ஆரம்பித்தால் அதை நான்தான் முடிப்பேன். பாதி நேரம் தப்பாக முடிப்பேன், அதற்காக நிறுத்தியதும் இல்லை. வீட்டில் என் கணவர் இப்போதெல்லாம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, "மிச்சத்த நீயே சொல்லிக்க" என்று பேப்பரை விரித்துக்கொள்கிறார்.

கணக்கு டீச்சருக்கு இந்தச் சுபாவம் ஒரு விதத்தில் வசதிதான். நாற்பது நிமிடப் பாட வேளையில் மற்றவர்கள் இரண்டு கணக்கு போட்டால் நான் நான்கு போடுவேன். ஆனால் இப்படிப்பட்ட ஒருத்தியிடம் நாற்பத்தாறு பிள்ளைகளைக் கொடுத்தால் வேறு சிலதும் நடக்கும். அதைத்தான் எழுதப் போகிறேன். எழுதுவதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

எங்களுடையது அன்னவாசல் தாண்டி உள்ளே போக வேண்டிய ஓர் ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளி. நான் புதுக்கோட்டையிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். எட்டாம் வகுப்பில் ஏ, பி என்று இரண்டு பிரிவுகள். ஏ பிரிவுக்கு அந்த ஜூன் மாதம் என்னை வகுப்பாசிரியராகப் போட்டார்கள். தினமும் முதல் பாட வேளை என்னுடையது.

முன்பெல்லாம் அந்த வேளை வருகைப் பதிவேட்டோடு தொடங்கும். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவோம், "உள்ளேன் டீச்சர்" என்று ஒவ்வொரு குரலாக வரும். இப்போது எல்லாம் போனில். எந்த இடம் காலி என்று பார்த்து அந்தப் பெயரை மட்டும் தட்டினால் போதும், அரை நிமிட வேலை. ஆனால் அதோடு விடுவதில்லை. யாருக்குச் செருப்பு வந்தது, யாருடைய வங்கிக் கணக்கு எண் தப்பு, யார் என்ன உயரம் என்று ஏதாவது ஒன்று பத்து மணிக்குள் அனுப்பச் சொல்லி மெசேஜ் வந்துகொண்டே இருக்கும். வகுப்பறைக்குள் டவர் எடுக்காது. நான் போனைத் தூக்கிக்கொண்டு வராந்தாக் கோடிக்குப் போய்விடுவேன். அதுவரை வகுப்பு சத்தம் போடாமல் இருக்க வேண்டுமே, அதற்குத்தான் பட்டியல்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. லீடர் சாக்பீஸோடு போர்டு ஓரத்தில் நிற்பாள். மேலே 'பேசியவர்கள்' என்று எழுதி அடிக்கோடு போடுவாள். யார் வாய் அசைகிறதோ அவர் பெயர் கீழே ஏறும். மறுபடியும் பேசினால் பெயர் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. நான் திரும்பி வந்ததும் பட்டியலைப் பார்ப்பேன், தண்டனை கொடுப்பேன், கணக்கை ஆரம்பிப்பேன். நான் படித்த காலத்தில் அந்தப் பட்டியலுக்குப் பிரம்படி உண்டு. இப்போது பிள்ளைகளை அடிக்கக் கூடாது, அடிக்கவும் எனக்கு மனசு வராது. அதனால் நானே ஒன்று கண்டுபிடித்தேன். பட்டியலில் இருப்பவர் முன்னால் வந்து, வகுப்பைப் பார்த்து, "இனிமேல் வகுப்பில் பேச மாட்டேன் டீச்சர்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான். பையன்கள் அதை மேடை நாடகம் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு குனிந்து சொல்வார்கள். ஆசிரியர் பயிற்சிக் கூட்டம் ஒன்றில் இதை எழுந்து நின்று சொல்லிக் கைதட்டுகூட வாங்கியிருக்கிறேன். அடிக்காத தண்டனை, வலிக்காத தண்டனை என்று.

லீடர் கெட்டிக்காரப் பெண். அவள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நான் ஒன்று நினைப்பதற்குள் டஸ்டரை எடுத்து நீட்டுவாள். என் வேகத்துக்கு ஈடு கொடுக்கிற பிள்ளை என்று எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

இன்னொரு பெண் இருந்தாள், மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம். கணக்கு நோட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. போர்டுக்குக் கூப்பிட்டால் வந்து போட்டுவிட்டு, சாக்பீஸை வைத்துவிட்டு, போய்விடுவாள். வகுப்பில் நான் கேள்வி கேட்டால் நாற்பது பேர் ஒரே குரலில் பதில் கத்துவார்கள். அதில் அவள் குரல் இருந்ததா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆடி மாதம் முடிகிற வரைக்கும் நான் அவள் குரலைக் கேட்டதே இல்லை. கேட்டதில்லை என்பதையும் நான் கவனித்ததில்லை.

அன்றைக்குக் காலையில் என் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. பட்டன் வேலை செய்யாது என்பதால் கிக்கரை மிதித்து மிதித்துக் கால் வலித்துவிட்டது. பள்ளிக்குப் போய்ச் சேரும்போது பிரார்த்தனை முடிந்திருந்தது. தலைமையாசிரியர் ஒன்றும் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குத் திட்டியே இருக்கலாம். வகுப்புக்குள் நுழைந்தால் போனில் பத்து மணிக் கெடு. வராந்தாவில் நின்று அதை அனுப்பி முடித்துத் திரும்பினால் போர்டில் மூன்று பெயர்கள். முதல் இரண்டும் வழக்கமான பையன்கள், வந்து குனிந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாவது அந்த ஜன்னலோரப் பெண்.

வந்து நின்றாள். "இ" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. தாடை மேலும் கீழும் வெட்டியது, கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மறுபடி "இ... இ... இனி..." என்று நின்றது. நான் போர்டைத் துடைத்துக்கொண்டே, "சீக்கிரம்மா" என்றேன். மறுபடி "இ".

"என்னம்மா, பேசுறப்ப மட்டும் வண்டி ஜோரா ஓடுச்சு, இப்ப ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதா? காலையில என் வண்டி மாதிரியே நிக்கிறியே!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். காலையிலிருந்து இருந்த எரிச்சல் அந்தச் சிரிப்பில் இறங்கிப் போனது. "சரி, போய் உக்காரு" என்று அனுப்பிவிட்டுக் கணக்கை ஆரம்பித்தேன்.

அவளுக்குத் திக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். அது பாதிப் பொய். அவள் கண்ணை மூடிய விதத்தில் ஏதோ ஒன்று என்னைக் குத்தியது. அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் காத்திருந்தார்கள், நான் போய்விட்டேன். என் வாழ்க்கையில் நிறைய விஷயங்களை நான் இப்படித்தான் மணி அடித்தது என்று விட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் பெயர் பட்டியலில் அடிக்கடி வர ஆரம்பித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், சில வாரங்களில் தினமும். சில நாள் பெருக்கல் குறியோடு. வாய் திறக்காத பிள்ளை எப்படித் தினமும் பேசுகிறது என்று ஒருநாளாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவள் முன்னால் வந்து நிற்கும்போது நான் போனில் எதையாவது தட்டிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து, "முடிச்சிட்டா டீச்சர்" என்று லீடர் சொல்வாள். நான் தலையாட்டுவேன். பின் பெஞ்சிலிருந்து சில நாள் "டுர்ர்ர்" என்று ஒரு சத்தம் வரும். "எவன்டா அது?" என்று ஒரு அதட்டு போடுவேன். அதோடு சரி.

பள்ளியில் ஒரு பெட்டி வைத்திருந்தோம். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடுவதற்குப் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். சாவி என்னிடம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை திறந்து, வந்ததைப் படித்து, நோட்டில் எழுத வேண்டும். முட்டை சின்னதாக இருக்கிறது, என் ஸ்கேலை உடைத்துவிட்டார்கள், பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் பிடுங்கிக்கொள்கிறார். கடைசியைப் படித்து நானே சிரித்தேன். ஒருமுறை நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. பெயர் இல்லை. "நான் பேசுவதில்லை. ஆனாலும் எழுதுகிறார்கள்" என்று மட்டும் இருந்தது.

போர்டில் பெயர் வந்த யாரைக் கேட்டாலும் நான் பேசவில்லை என்றுதான் சொல்வார்கள், இதற்கு ஒரு புகாரா என்று நினைத்தேன். நோட்டில் நடவடிக்கை என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'அறிவுரை வழங்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாருக்கு வழங்கினேன்? ஒருத்தருக்கும் இல்லை. கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிகளில் கேலி கிண்டலைத் தடுப்பது, அன்பாகப் பழகுவது பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டும், உறுதிமொழி எடுக்கவைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. "நீங்கதான் நல்லாப் பேசுவீங்க டீச்சர்" என்று தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்தார். காலைப் பிரார்த்தனையில் பத்து நிமிடம் பேசினேன். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடாதீர்கள், ஒருவருடைய குறையைச் சொல்லிச் சிரிக்காதீர்கள், சிரிப்பவர்களோடு சேராதீர்கள் என்றெல்லாம் நன்றாகவே பேசினேன். உறுதிமொழியை எங்கள் வகுப்பு லீடர் தடுமாறாமல் வாசித்தாள். எல்லாரும் கையை நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். கைதட்டினார்கள். வகுப்புக்குப் போய் வருகை பதிந்தபோது ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. தட்டினேன். முந்தின இரண்டு நாளும் அதே பெயரைத் தட்டிய ஞாபகம் வந்தது, போனது.

அவள் வராமல் போன ஒன்பதாவது நாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "ஒங்க கிளாஸ் பொண்ணு ஒண்ணு தொடர்ந்து வரல போல. போன் போட்டுக் கேட்டீங்களா?" அன்றைக்குத்தான் போட்டேன். அவள் அம்மா எடுத்தார். வயிற்றுவலி என்றார். மறுநாள் போட்டேன். இந்தத் தடவை சொன்னார்:

"அவ இனிமே வரமாட்டாங்க டீச்சர். திருப்பூர்ல அவ அத்தைக்குப் புள்ள பொறந்திருக்கு. அவங்க கம்பெனிக்குப் போகணும்ல, புள்ளையப் பாத்துக்க ஆளு கேட்டாக. ஞாயித்துக்கெழம பஸ்ஸேத்தி விடுறோம். அங்கிட்டு இருந்தா இவளும் கொஞ்சம் நிம்மதியா இருப்பா."

போனை வைத்துவிட்டார். அன்று வியாழக்கிழமை. அப்படிப் போன பிள்ளைகள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. முதலில் கைக்குழந்தை, பிறகு வீட்டு வேலை, பதினைந்து வயதில் பனியன் கம்பெனி. எட்டாம் வகுப்போடு ஒரு பெண்ணின் படிப்பு முடிவதற்கு மூன்று நாள் இருந்தது, அவள் ஏன் போகிறாள் என்று எனக்குத் தெரியாது.

வகுப்புக்குப் போய், "அவ ஏன் வரலன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். எல்லாரும் பெஞ்சைப் பார்த்தார்கள். முதல் பெஞ்சில் ஒரு பெண் மட்டும், "கிக்கருன்னு கூப்புட்டா அவ அழுவா டீச்சர்" என்றாள்.

"என்ன கிக்கரு?"

அவள் எழுந்து, வலது காலைத் தூக்கிக் காற்றில் இரண்டு தடவை மிதித்துக் காட்டினாள். ஸ்கூட்டரைக் கிளப்புவது மாதிரி. "அவ வரயில இப்புடிப் பண்ணுவாக டீச்சர். தண்ணி குடிக்கப் போறப்ப, சத்துணவு வரிசையில, எல்லா எடத்துலயும். அவளுக்குத் திக்கும்ல, அதான்."

எனக்குக் காது சூடாகிப் போனது. லீடரை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

"அவ கிளாஸ்ல பேசுனாளா?"

"இல்ல டீச்சர்."

"ஒருநாளாவது?"

"இல்ல டீச்சர்."

"பின்ன ஏன்டி எழுதுன?"

கை ஓங்கியேவிட்டேன். அவள் பின்வாங்கித் தூணில் முட்டிக்கொண்டாள். கையை இறக்கினேன். அவள் அழவில்லை. நான் கேட்ட கேள்விக்கு யோசித்து, உண்மையாகப் பதில் சொன்னாள்.

"அவ பேரு எழுதுனா நீங்க சிரிப்பீங்கன்னு டீச்சர். மத்த நாளெல்லாம் காலையில கோவமாவே வருவீங்க. அன்னைக்கு மட்டுந்தான் சிரிச்சீங்க. வண்டின்னு நீங்கதான மொதல்ல சொன்னீங்க."

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் நின்றுகொண்டு நான் பொய் சொன்னேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "போ உள்ள" என்றேன். அந்த வராந்தாவில் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. நாற்பத்தைந்து பிள்ளைகள் சேர்ந்து ஒருத்தியை மிதித்தது எனக்குக் காட்டுவதற்காக. நான் சிரிக்க வேண்டும் என்பதற்காக.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கும் கிரஷரில் வேலை, வீட்டில் இல்லை. அம்மாதான் இருந்தார். "வாங்க டீச்சர்" என்று பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டுச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குரலில் மரியாதை குறையவில்லை, முகத்தில்தான் ஒன்றும் இல்லை. உள்ளே கட்டிலில் ஒரு பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

நான் பேச ஆரம்பித்தேன். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது, இனிமேல் பட்டியலே கிடையாது, லீடரை மாற்றிவிடுகிறேன், கேலி செய்பவர்களின் பெற்றோரைக் கூப்பிடுகிறேன், கணக்கில் இவளை மாதிரி ஒரு பிள்ளை இல்லை, படிப்பை விடலாமா, சாரிம்மா, ரொம்ப சாரி. மூச்சு விடாமல் பேசினேன். நான் மூச்சு வாங்கின இடைவெளியில் அந்தப் பெண் "நா..." என்றாள்.

"வர்றேன்னு சொல்றியா?" என்றேன்.

அவள் தலையை அசைத்தாள். "நா... நா..."

"பயமா இருக்கா? நான் இருக்கேன்ல?"

"பொறுங்க டீச்சர்" என்றார் அம்மா. "அவளே சொல்லுவா."

பொறுத்தேன். நாற்காலியின் பிடியைப் பிடித்துக்கொண்டு பொறுத்தேன். தெருவில் ஒரு டிராக்டர் வந்து, கடந்து, போனது. "நா...ன் பே... பேசவே இல்ல" என்று சொல்லி முடித்தாள். அதைச் சொல்ல அவள் மூன்று மாதமாக முயன்றிருக்கிறாள்.

"திக்கும்னு எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன் அம்மாவிடம். கேட்டிருக்கக் கூடாது.

"ஆறாப்புல சேக்கையிலயே அப்ப இருந்த டீச்சர்ட்ட சொன்னேங்க. அவங்க இவள எந்திரிச்சு வாசிக்கச் சொன்னதே இல்ல. ஒங்ககிட்டயும் ஜூன் மாசம் சொல்லத்தான் வந்தேன். நான் வாயத் தொறக்கு முன்னாடி, 'ஸ்காலர்ஷிப்தானேம்மா, பேங்க் புக்கு ஜெராக்ஸ வச்சுட்டுப் போங்க'ன்னுட்டீங்க. நான் வீட்டுக்கு வந்து ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டாந்து குடுத்தேன். ஞாபகம் இருக்காது ஒங்களுக்கு."

இருக்கவில்லை. இப்போது வரைக்கும் இல்லை. என் ஞாபகத்தில் இல்லாத ஒன்றுக்காக அன்றைக்கு அந்தச் சொம்புத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு வெட்கப்பட்டேன்.

"நீங்க வீடு தேடி வந்து சாரி கேட்டது பெரிய மனசுதாங்க டீச்சர்" என்றார் அந்த அம்மா. "ஆனா இங்க வந்து எங்கிட்டயும் இந்தச் சொவத்துக்கிட்டயும் சொன்னா எப்புடிங்க? இவள நிக்க வச்சது அங்கல்ல. அத்தன புள்ளைக முன்னாடி. நீங்க அங்க சொல்லுங்க. திங்கக்கெழம காலையில இவளக் கூட்டிட்டு வாரேன். பஸ்ஸ அடுத்த வாரம் பாத்துக்கலாம். கேட்டுட்டு அவ இருக்கேன்னா இருக்கட்டும், போறேன்னா போகட்டும். அவ இஷ்டந்தான்."

சரி என்று வந்துவிட்டேன். வண்டி அன்னவாசலைத் தாண்டுவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. வகுப்பில் நாற்பத்தைந்து பேர் முன்னால் நின்று, தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு மத்தியானம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பி பிரிவின் வகுப்பாசிரியை, எங்கள் அறிவியல் டீச்சர், எனக்கு நல்ல சிநேகிதி. போனில் சொன்னேன். "புள்ளைங்க முன்னாடி மன்னிப்புக் கேட்டா நாளைக்கு ஒருத்தனாவது ஒங்கள மதிப்பானா டீச்சர்? அவளத் தனியாக் கூப்புட்டு நல்ல பேனாவா ஒண்ணு வாங்கிக் குடுங்க, முடிஞ்சுது" என்றார். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அரை மணி நேரம் எந்தப் பேனா வாங்கலாம் என்றுகூட யோசித்தேன். வெட்கக்கேடு.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கேஸ் அடுப்பைக் கழற்றித் தேய்த்தேன். பீரோவை அடுக்கினேன். நடுவில் உட்கார்ந்து, திங்கட்கிழமை சொல்லப்போவதை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். படித்துப் பார்த்தால் பிரார்த்தனையில் நான் பேசிய அதே பேச்சு. அன்பு, சக மனிதர், நாம் அனைவரும். 'நாம் அனைவரும்' என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். அனைவரும் எங்கே வந்தார்கள் இதில்? தாளைக் கிழித்துப் போட்டேன். வேறு எழுத வரவில்லை.

திங்கட்கிழமை முதல் பாட வேளை. போனைப் பைக்குள் வைத்துவிட்டு வகுப்புக்குள் நின்றேன். சாக்பீஸ் எடுக்க வந்த லீடரைப் போய் உட்காரச் சொன்னேன். ஐந்து நிமிடம் ஆனது. கேட்டில் யாரும் இல்லை. பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டார்களோ என்று பயந்து வாசலுக்கு நடந்தேன். அடுத்த நொடியே, அப்படியானால் சொல்லாமல் தப்பிக்கலாம் என்றும் ஒரு எண்ணம் வந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தன. அப்போதுதான் அம்மாவும் மகளும் வராந்தாவில் ஏறி வந்தார்கள். அவள் யூனிபார்ம் போட்டிருந்தாள், தோளில் புத்தகப் பை. வாசலிலேயே நின்றார்கள்.

நான் வகுப்பைப் பார்த்துத் திரும்பினேன்.

"இந்தப் புள்ள ஒருநாளும் கிளாஸ்ல பேசல. போர்டுல எழுதுனதெல்லாம் பொய். நான் விசாரிக்கல. அவளுக்குத் திக்கும்னு தெரிஞ்சிக்கவும் இல்ல. அவ நின்னப்ப மொதல்ல கேலி பேசுனது நான், மொதல்ல சிரிச்சது நான். தப்பு என்னோடது." அவள் பக்கம் திரும்பினேன். "என்னை மன்னிச்சிரும்மா."

நான் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை, கைதட்டவும் இல்லை. லீடர் தலையைக் குனிந்துகொண்டு நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா தலையை லேசாக அசைத்தார், பரவாயில்லை என்பதற்கா, கேட்டுவிட்டேன் என்பதற்கா தெரியவில்லை.

அந்தப் பெண் உள்ளே வந்தாள். அவள் இடத்துக்குப் போகவில்லை. முன்னால் வந்து, அத்தனை நாளும் நின்ற அதே இடத்தில் நின்று, என்னைப் பார்த்து, "டீ..." என்றாள்.

எனக்குள் மூன்று முடிவுகள் தயாராக எழுந்தன. பரவாயில்லை டீச்சர். தேங்க்ஸ் டீச்சர். நான் படிக்கிறேன் டீச்சர். மூன்றையும் பல்லைக் கடித்து உள்ளேயே வைத்தேன். அவள் கண்ணை மூடினாள், திறந்தாள். பின் பெஞ்சில் ஒரு கால் தரையைத் தேய்த்தது, நின்றது. ஜன்னல் வழியாகச் சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

"டீச்சர், எ...னக்கு இந்தக் கி... கிளாஸு வே... வேணாம். நான் பி... பி செக்ஷன்ல உக்காந்துக்கிறேன்."

அவள் அம்மாவே இதை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு எங்கே அடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேனே, உன் அம்மா சொன்னபடியே எல்லார் முன்னாலும் கேட்டேனே, பட்டியல் போய்விட்டதே, ஒரு வாரம் இருந்து பாரேன், கணக்கில் உன்னை நான் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறேன் பார் என்று சொல்ல என்னிடம் நூறு பேச்சு இருந்தது. அவளைப் பார்த்தேன். பதில் வருமா என்று பயந்து நிற்கவில்லை அவள். முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். திருப்பூர் வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டும், நான் வேண்டாம்.

"சரிம்மா" என்றேன்.

தலைமையாசிரியரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வகுப்புக்கு நடந்தேன். பத்து எட்டுதான். நான் ஒன்றும் பேசவில்லை. பி பிரிவு வாசலில் நின்றதும் அறிவியல் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, "என்ன டீச்சர்?" என்றார். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நீங்களே சொல்லுங்கள் என்கிற பார்வை.

"என் கிளாஸ்ல இருக்க அவளுக்கு இஷ்டமில்ல டீச்சர்" என்றேன். "காரணம் நான்தான். இங்க வச்சுக்கங்க."

சிநேகிதி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே ஒரு வகுப்பு முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண், யாரும் ஒன்றும் சொல்லாமலே, பக்கத்தில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். அவள் போய் அங்கே உட்கார்ந்தாள்.